நோயாளிக்காக ஆயிரம் காகிதக் கொக்கு: மும்பையில் புதிதாக மடிக்கத் தொடங்குபவர்களுக்கு

பரேலில் டாடா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். கையில் ஃபைல், தோளில் துணிப்பை, நடைபாதை ஓரத்தில் ஒரு பாய். அடுத்த பரிசோதனைக்கோ அடுத்த கீமோவுக்கோ நாள்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள். 1941-இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள். தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று நம்மவர்கள் இருக்கும் பகுதிகளிலும் அந்த வாசலில் காத்திருந்த கதை பல வீடுகளில் உண்டு.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவது நம் வழக்கம். கீமோ எடுப்பவர் பலருக்கு வாயெல்லாம் புண்ணாக இருக்கும். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். வெறுங்கையோடு போகவும் மனம் வராது. அப்படிப்பட்ட நேரத்தில் நம் கையால் செய்த ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓரிகாமி என்ற காகிதம் மடிக்கும் கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. சதுரத் தாளும் பத்து விரலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

மடிக்க உட்காரும் முன் இதன் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பலர் பாதிக் கதையை மட்டும் நோயாளியிடம் போய்ச் சொல்லிவிடுகிறார்கள்.

கொக்கு ஆயிரம் ஆண்டு வாழும், ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் வேண்டுதல் நிறைவேறும் என்பது ஜப்பானில் வழிவழியாக வரும் நம்பிக்கை. நூலில் கோர்த்த ஆயிரம் கொக்குக்கு சென்பஸுரு என்று பெயர். இது உலகமெங்கும் பரவக் காரணமானவள் சடாகோ சசாகி என்ற ஹிரோஷிமா சிறுமி. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் கெட்டிக்காரியாக வளர்ந்தவள், 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில் சேர்ந்தாள். அங்கேதான் மடிக்கத் தொடங்கினாள். தாள் கிடைக்காதபோது மருந்து மடித்து வந்த காகிதத்தைக்கூட விடவில்லை. 644 மடித்ததும் இறந்துவிட்டாள் என்று ஒரு கதை பரவலாக உண்டு. ஆயிரத்தைத் தாண்டியும் மடித்தாள் என்பதுதான் அவள் குடும்பத்தாரும் ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் சொல்வது. அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று, 12 வயதில் இறந்தாள். அவளோடு படித்த பிள்ளைகள் முன்நின்று நிதி திரட்டி, 1958 மே 5 அன்று ஹிரோஷிமாவில் சிறுவர் அமைதி நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி கொக்குகள் வருகின்றன. எடை மட்டும் சுமார் 10 டன்.

ஆயிரம் முடித்தும் அவள் பிழைக்கவில்லை. ஆகவே, "ஆயிரம் மடிச்சா சரியாயிடும்" என்று எந்த நோயாளியிடமும் சொல்லாதீர்கள். அவர் உங்களை நம்பிவிட்டால், அடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் மோசமாக வரும் நாளில் அந்த ஏமாற்றத்தையும் அவரே சுமக்க வேண்டியிருக்கும். "உங்களை நினைச்சுக்கிட்டு இதை மடிச்சோம்" என்று சொல்லுங்கள். அது உண்மை, எந்த ரிப்போர்ட்டும் அதைப் பொய்யாக்க முடியாது. நோயாளிக்கு நாம் கொடுக்கக்கூடிய நம்பிக்கை இந்த அளவுக்குத்தான் என்பது என் கருத்து. இந்த அளவே பெரியது.

தாள் விஷயத்துக்கு வருவோம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது மடிப்பில் இல்லை, தாளில்தான். பழகுவதற்கு 15 செ.மீ. சதுரம் நல்லது. கிராஃபோர்ட் மார்க்கெட்டை ஒட்டிய அப்துல் ரஹ்மான் தெருவில் ஸ்டேஷனரி மொத்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஓரிகாமி பேப்பர் என்று கேட்டாலே ஒரு பக்கம் வண்ணமும் மறுபக்கம் வெள்ளையுமாகச் சதுரக் கட்டு எடுத்துத் தருவார்கள். பழகும்போது இரண்டு பக்கமும் வேறு நிறமாக இருப்பது பெரிய உதவி, எந்தப் பக்கம் மேலே என்ற குழப்பம் வராது.

ஆயிரம் மடிப்பதாக இருந்தால் அந்தத் தாள் கட்டுப்படியாகாது. வண்ண ஜெராக்ஸ் தாள் வாங்குங்கள். ஒரு ஏ4 தாளில் 7 செ.மீ. சதுரம் 12 கிடைக்கும். 84 தாள் இருந்தால் ஆயிரத்துக்குச் சில கூடவே வரும். கத்தரிக்கோலால் வெட்ட வேண்டாம். அச்சகத்திலோ பெரிய ஜெராக்ஸ் கடையிலோ கட்டிங் மெஷின் இருக்கும், கட்டாகக் கொடுத்தால் சில வெட்டுகளில் முடித்துத் தருவார்கள். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் அந்தப் பிசகு மடிக்க மடிக்கப் பெருகி, கடைசியில் அலகு மழுங்கிப்போய் நிற்கும். சார்ட் பேப்பர் கனம், நகம் வலிக்கும். ஜிகினா தாள் கூடவே கூடாது. அதன் துகள் படுக்கையில் உதிரும்.

வீட்டில் தினசரி நாட்காட்டி கிழித்த தாள்கள் சேர்ந்திருக்கும். ஊரிலிருந்து வந்த நாட்காட்டி என்ற பாசத்தில் அதில் மடிக்கத் தோன்றும். பழகுவதற்கு அது அருமையான தாள், மெல்லியது, கோடு நன்றாக விழும். நோயாளிக்குக் கொடுப்பதற்கு மட்டும் வேண்டாம். எமகண்டம் தினமும் அச்சாகியிருக்கும், சில நாளில் மரணயோகமும் இருக்கும். படுக்கையில் கிடப்பவர் பொழுது போகாமல் இறக்கையைத் திருப்பிப் பார்க்கும்போது கண்ணில் படக்கூடாத சொற்கள் அவை. செய்தித்தாள் என்றால் இரங்கல் பக்கம் வந்துவிடும். முழுக்க வெள்ளை நிறத்திலும் வேண்டாம். நம் நாட்டில் பலருக்கு அது வேறொன்றை நினைவுபடுத்தும்.

மழைக்காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, மும்பைக் காற்றில் தாள் நமத்துவிடும். நமத்த தாளில் கோடு நிற்காது. வெட்டிய தாளையும் மடித்த கொக்கையும் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

இனி மடிப்பு. மேசை முன் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டையும் நகத்தால் ஒரு முறை நீவிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

வண்ணப் பக்கம் மேலே இருக்கட்டும். மூலைக்கு மூலை மடித்துப் பிரியுங்கள். மற்ற இரு மூலைகளுக்கும் அதே போல. தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கம் மேலே கொண்டுவாருங்கள். இப்போது பக்கத்துக்குப் பக்கம் பாதியாக மடித்துப் பிரியுங்கள், குறுக்கிலும் நெடுக்கிலும். ஒரு மூலை உங்களைப் பார்க்க வையுங்கள். மற்ற மூன்று மூலைகளையும் அந்த மூலைக்கு ஒன்றாகக் கொண்டுவந்தால், போட்ட கோடுகளே வழிகாட்டி, தாள் தானாக ஒரு சிறிய சதுரமாகச் சுருங்கும். வரவில்லை என்றால் கோடுகள் தலைகீழாக விழுந்திருக்கின்றன என்று பொருள். இழுக்காமல், முதலிலிருந்து பாருங்கள்.

அந்தச் சதுரத்தின் திறந்த முனை உங்கள் பக்கம் இருக்க வேண்டும். மேல் அடுக்கின் இடது விளிம்பையும் வலது விளிம்பையும் நடுக்கோட்டுக்கு மடியுங்கள். பட்டம் போன்ற வடிவம் வரும். அதன் தலையில் இருக்கும் முக்கோணத்தைக் கீழே மடித்து நீவுங்கள். பிறகு மூன்றையும் பிரித்துவிடுங்கள். இவை கோடு போடுவதற்காக மட்டும்.

அடுத்து வருவதுதான் எல்லோரும் நின்றுவிடும் இடம். இங்கே அவசரம் வேண்டாம். திறந்த முனையில் நான்கு அடுக்கு இருக்கும். மேலே இருக்கும் ஒரே ஒரு அடுக்கை மட்டும் இரு விரலால் பிடித்து, உங்களிடமிருந்து விலக்கி மேலே தூக்குங்கள். சற்று முன் போட்ட முக்கோணக் கோடுதான் கீல். தாள் படகு போல வாய் திறக்கும். பக்கவாட்டுக் கோடுகள் முன்பு மடிந்த திசைக்கு எதிர்த்திசையில் மடிய வேண்டும், அதனால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆள்காட்டி விரலால் அந்தக் கோட்டை மெதுவாக உள்ளே தள்ளிக் கொடுங்கள். இரண்டு பக்கமும் நடுவில் வந்து சேரும். மேல்முனை கூராக வந்த பிறகு அமுக்குங்கள். தாளைத் திருப்பி, பின்பக்கமும் அதே போல. ஒடுங்கிய நீளமான வைரம் கையில் இருக்கும். இதுவரை வந்துவிட்டால் மீதி எளிது.

அந்த வைரத்தின் ஒரு முனை நடுவில் பிளந்து இரண்டு கால் போல இருக்கும். பிளந்த முனை உங்கள் பக்கம் இருக்கட்டும். கீழ் விளிம்புகள் இரண்டையும் நடுக்கோட்டுக்கு மடித்து ஒடுக்குங்கள், திருப்பிப் பின்பக்கமும். நடுக்கோட்டில் விளிம்புகள் ஒட்டி உரசாமல் மயிரிழை இடைவெளி விட்டால் பின்னால் கழுத்து கிழியாது. இப்போது புத்தகத்தில் பக்கம் புரட்டுவது போல வலப்பக்க மடலை இடப்பக்கம் புரட்டுங்கள். திருப்பி, பின்பக்கமும் அப்படியே. கீழே உள்ள கூர்முனையை மேலே உச்சிவரை மடியுங்கள், பின்பக்க முனையையும். மறுபடி பக்கங்களைப் பழையபடி புரட்டினால் கழுத்தும் வாலும் இரு இறக்கைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். இரண்டையும் சற்றே வெளியே சாய்த்து இழுத்து, அடியில் அழுத்திவிடுங்கள். ஒன்றின் நுனியை உள்பக்கமாக வளைத்து மடித்தால் தலை. இறக்கைகளைக் கீழே இறக்கினால் கொக்கு.

எங்கும் கடைசியாக ஒரு படி சொல்வார்கள்: அடியில் இருக்கும் துளையில் வாயால் ஊதி வயிற்றை உப்பவைப்பது. நோயாளிக்குப் போகும் கொக்கில் வாய் வைக்கவே கூடாது. கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்து கிடப்பவருக்கு நம் சாதாரணச் சளியே பெரிய ஆபத்து. இறக்கைகள் இரண்டையும் பிடித்து மெதுவாக எதிரெதிரே இழுத்தாலே வயிறு கொஞ்சம் திறக்கும், அது போதும். மடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அன்று மடிக்க வேண்டாம்.

முதல் கொக்குக்குக் கால்மணி நேரம் ஆகலாம். கை பழகினால் ஒன்றுக்கு மூன்று நிமிடம். ஆயிரத்துக்கு 50 மணி நேரம். பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஐந்து மணி நேரம்தான். 7 செ.மீ. கொக்கை உள்ளங்கையிலேயே மடிக்கலாம், மேசை வேண்டாம். சீட் கிடைத்த நாளில் லோக்கல் ட்ரெயினில் மடிப்பவர்கள் உண்டு. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் கீரை ஆய்ந்துகொண்டும் பூத் தொடுத்துக்கொண்டும் போகிறவர்களுக்கு நடுவே இது யாருக்கும் விநோதமாகப் படாது. பக்கத்து சீட்காரர் கேட்பார், சொன்னால் தாள் கேட்டு வாங்கி அவரும் மடிப்பார்.

குழுவாக மடிக்கும்போது ஒருவர் முதல் மடிப்பு, அடுத்தவர் இரண்டாவது என்று பிரித்துச் செய்யச் சிலர் ஆசைப்படுவார்கள். வேகம் வரும், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கொக்கை ஒருவரே தொடங்கி முடிக்க வேண்டும். அந்த மூன்று நிமிடமாவது அவர் மனத்தில் அந்த நோயாளி மட்டும் இருப்பார். கோணலாக வந்த கொக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக் குழந்தை மடித்த தலை சாய்ந்த கொக்கைத்தான் நோயாளி முதலில் தொட்டுப் பார்ப்பார்.

கோர்ப்பதற்குக் கனமான தையல் நூல் போதும். ஒரு சரத்துக்கு 40 கொக்கு, 25 சரம். ஒரு மீட்டர் நூலை வெட்டி, அடிமுனையில் ஒரு மணியைக் கட்டுங்கள், கொக்கு நழுவாது. ஊசியை வயிற்றுத் துளையில் விட்டு முதுகின் உச்சியில் எடுக்க வேண்டும். சரத்துக்குப் போகும் கொக்கின் இறக்கையை முழுக்க விரிக்காதீர்கள். விரிக்காமல் விட்டால் ஒன்றின் மேல் ஒன்று அழகாக உட்காரும், நீளமும் கட்டுக்குள் இருக்கும். 25 சரங்களையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் வளையலில் கட்டித் தொங்கவிடலாம். சின்னக் குழந்தை இருக்கும் இடத்துக்குப் போகும் சரத்தில் மணி வேண்டாம், வாயில் போட்டுவிடும். அங்கே அடியில் தடித்த முடிச்சு போதும்.

ஆயிரம்தான் வேண்டும் என்றும் இல்லை. வார்டில் ஒரு கட்டிலுக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஸ்டூலும் ஒரு சின்ன அலமாரியும்தான். பெரும்பாலும் ஒரே ஒரு சரமோ, மூன்று கொக்கோ போதுமானது. ஆயிரம் சரமாகத் தொங்குவதற்கு வீடோ தங்குமிடமோதான் ஏற்றது.

மருத்துவமனைக்குள் கொண்டுபோகும் முன் வார்டின் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். ஐசியூவிலும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கும் அறையிலும் காகிதமும் பூவும் பொதுவாக உள்ளே போகாது, காகிதத்தைக் கிருமிநீக்கம் செய்வது எளிதல்ல. வாதாட வேண்டாம். வெளியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொங்கவிட முடியுமா என்று கேட்கலாம். சாதாரண வார்டில் அனுமதித்தாலும், துடைக்கக்கூடிய ஒளிபுகும் ஜிப் கவரில் போட்டுக் கொடுப்பது நல்லது, தூசி சேராது. சலைன் ஸ்டாண்டில் எதையும் கட்டாதீர்கள். நர்ஸ் அவசரத்துக்குக் கை நீட்டும் இடம் அது.

கொடுக்கும்போது குனிந்து, அவர் கண்ணுக்கு நேராக நின்று கேளுங்கள்: "அண்ணாச்சி, இதை நாங்க மடிச்சோம். இங்க வைக்கட்டுமா, வேண்டாமா?" வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கேள்வியிலேயே வைத்துவிடுங்கள். ஊசிக்கும் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் அவரை யாரும் கேட்பதில்லை. இது ஒன்றிலாவது அவர் சொல்வது நடக்கட்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பீகாரியாகவோ வங்காளியாகவோ இருக்கலாம். அவருக்கும் ஒன்று எடுத்துப் போங்கள். "யே ஆப்கே லியே ஹை" என்ற நான்கு சொல்லுக்கு மேல் இந்தி தேவைப்படாது. நோயாளியோடு போட்டோ எடுக்காதீர்கள். கொக்கை மட்டும்கூட, அவர் கையோ கட்டிலோ தெரிகிற மாதிரி எடுக்க வேண்டாம்.

சாந்தி அவேத்னா சதன் பாந்திராவில் இருக்கிறது, 1986-இல் தொடங்கிய இந்தியாவின் முதல் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம். அப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் "சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவீங்க" என்பது போன்ற பேச்சை வெளியிலேயே விட்டுவிடுங்கள். அங்கே இருப்பவர்கள் பலருக்குத் தங்கள் நிலை தெரியும். கொக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஊர் எது, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு உட்காரலாம்.

நோயாளியே மடிக்க ஆசைப்பட்டால் அதைவிட நல்லது இல்லை. வின்கிரிஸ்டின், பாக்லிடாக்சல் போன்ற மருந்துகளில் விரல் நுனி மரத்துப்போவது உண்டு, சின்னத் தாள் பிடிபடாது. 20 செ.மீ. தாள் கொண்டுபோங்கள். ஒரு தர்மசாலையில் ஓர் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நகம் கறுத்துப்போயிருந்தது, கோட்டை நீவ வலித்தது. பக்கத்தில் இருந்த எவர்சில்வர் ஸ்பூனின் முதுகால் ஒவ்வொரு கோட்டையும் தேய்த்தார். என் நகத்தைவிடச் சுத்தமாக விழுந்தது. அன்றிலிருந்து பையில் ஒரு ஸ்பூன் வைத்திருக்கிறேன், எல்லோருக்கும் அதையே சொல்கிறேன். கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) இருந்தால் அந்தக் கையை அசைக்காமல், தாளைப் பிடித்துக்கொள்ள மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள், மடிப்பை நீங்கள் போடுங்கள். பிளேட்லெட் குறைந்தவருக்கு ஊசி, கத்தரிக்கோல் கொடுக்க வேண்டாம். தாளின் விளிம்பு கீறினாலே ரத்தம் நிற்க நேரமாகும், அதனால் மிருதுவான தாளாக இருக்கட்டும். பாதியில் களைத்துவிட்டால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். முடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், நீங்களே முடித்தும் கொடுக்காதீர்கள், அவர் கேட்டால் தவிர.

புற்றுநோய் சிகிச்சைக்காக மும்பை வரும் குழந்தைகள் குடும்பத்தோடு தங்குவதற்கு செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் 2006 முதல் இடம் கொடுத்து வருகிறது. குழந்தைகளோடு மடிக்க விரும்புபவர்கள் இத்தகைய தங்குமிடங்களின் அலுவலகத்தில் முதலில் பேசி, அவர்கள் சொல்லும் நாளில், சொல்லும் எண்ணிக்கையில் போக வேண்டும். ஒருமுறை போய்ப் படம் காட்டிவிட்டு வருவதைவிட, இரண்டே பேர் மாதாமாதம் போவது நல்லது. குழந்தைகள் நேற்று வந்தவரை இன்றும் தேடுவார்கள்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கொக்குகளை விட்டுவிட்டுப் போனால் வருத்தப்படாதீர்கள். அந்த அறையை நினைவுபடுத்தும் எதையும் எடுத்துப்போகச் சிலருக்குப் பிடிக்காது. நோயாளி இறந்துவிட்டால், குடும்பத்தாரிடம் ஒரே ஒருமுறை கேளுங்கள், காரியம் எல்லாம் முடிந்து சில நாள் கழித்து. வைத்துக்கொள்கிறேன் என்றால் அவர்களுடையது. வேண்டாம் என்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்னொரு நோயாளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். கிருமிக் காரணமும் உண்டு, அது அவருக்காக மடித்தது என்பதும் உண்டு. ஹிரோஷிமாவில் குவியும் கொக்குகளைக்கூட மறுசுழற்சிக்கு அனுப்பிப் புதுத் தாளாக்குகிறார்கள். நூலையும் மணியையும் உருவி எடுத்துவிட்டு, தாளைப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவிடம் போடலாம், அதில் தவறு எதுவும் இல்லை. மணியும் வளையலும் நன்றாக இருந்தால் கழுவித் துடைத்து அடுத்த சரத்துக்கு எடுத்து வையுங்கள்.